பிஸ்டன் தலையில் களிமண்

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல். அதைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டிய அப்பா, நான் சொன்ன ஓர் அளவைக்கூட நம்பியதில்லை. வருகிறவர்களுக்குக் காட்ட நான்; வேலைக்கு அவர் காது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எல்லாம் சொல்லிவிடுவாராம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பைக் பந்தயம். அவன் வண்டிக்கு ஸ்ட்ரோக்கர் கிட் போடச் சொன்னார். பெரிய மந்திரமில்லை, பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்கை மாற்றுவதுதான். இந்தக் கிராங்கின் வீச்சு நீளம். பிஸ்டன் அதிகம் இறங்கும், அதிகம் ஏறும். நூற்றைம்பது சிசி நூற்றெண்பது ஆகும். ஆபத்து மேலே இருக்கிறது. ஏறுகிற பிஸ்டன் இறங்குகிற வால்வில் மோதினால், ஓடும் வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அந்தக் கிராங்க் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் செத்த வண்டியில் இருந்தது.

"வேற கிராங்கே கெடைக்கலையாப்பா?"

"அது நல்ல இரும்பு. செத்தது அவன், அது இல்ல."

அதைத் துடைத்து இன்ஜினில் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை, குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை மூடி, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றினேன். திறந்தால் வால்வு அழுத்திய தடம் இருக்கும். அந்த இடத்தில் களிமண் எவ்வளவு தடிமனோ அதுதான் இடைவெளி. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இரண்டு புள்ளி ஒன்று இருந்தது. தாராளம். ஆனால் வால்வுத் தடங்களுக்கு நடுவே ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு மடங்கு பெரிது. குறுக்கே வரப்புபோல ஒரு கோடு. அண்ணனின் கட்டைவிரலைக் கிரைண்டர் கிழித்த பள்ளம் எனக்குத் தெரியும். கட்டுப் போட்டதே நான்தான்.

வழித்தெறிந்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, புதுக் களிமண் வைத்தேன். ஒன்று புள்ளி எட்டு. அதே விரல், இன்னும் ஆழமாக. மூன்றாவது முறை ஒன்று புள்ளி நான்கு.

அதே பிஸ்டன், அதே வால்வு. இரும்பு ஒரு காலைப்பொழுதில் வளராது.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இன்னுமா? ஒரு இன்ஜின பூட்டறதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

"போடா. நீ முழுசா திரும்பி வரணும்னுதான் பாத்துட்டிருக்கேன்."

"அப்பா! உங்க பட்டதாரி எனக்குச் சாபம் விடுறா!" சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைத் துடைக்கப் போய்விட்டான்.

அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் களிமண்ணைச் சுரண்டி எடுத்தார்.

"கேஸ்கட்ட வச்சு மூடு தாயே."

"ஒன்னு புள்ளி நாலுதான்ப்பா இருக்கு."

"நேத்து நான் பாத்தப்ப ரெண்டரை இருந்துச்சு."

நேற்றா? "அப்ப இந்த விரலு?"

"இருந்துச்சு. லேசா." களிமண்ணை உருட்டிக்கொண்டே சொன்னார். "தம்பிய நான் பாத்துக்கறேன்னு உங்கண்ணன் சொல்றான்னு நெனச்சேன்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "நீங்க களிமண் வச்சு நான் பாத்ததே இல்லையேப்பா. நேத்து மட்டும் என்ன புதுசா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்கண்ணனுக்கு வைக்கல. காதாலயே கேட்டுட்டு, எடுத்துட்டுப் போடான்னு அனுப்பிட்டேன்."

இரண்டு வருடமாக ஊரெல்லாம் 'கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினான்' என்று சொன்னது இந்த வாய்தான். நானும் நம்பினேன். அண்ணன் படத்தைப் பார்த்துத் திட்டக்கூடச் செய்தேன்.

புதுக் களிமண் வைத்து, ஹெட்டை மூடி, ஸ்பேனரை அவர் கையில் திணித்தேன். "நீங்களே சுத்துங்க."

முதல் சுற்று போனது. இரண்டாவதில், பிஸ்டன் மேலே வருகிற இடத்தில் நின்றுவிட்டது. அப்பா உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். ஸ்பேனர் திரும்பி வந்தது. வால்வு ஸ்பிரிங் தள்ளினால் வெடுக்கென்று தள்ளும். இது அப்படியில்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை விலக்குவதுபோல, மெதுவாக, அவர் மணிக்கட்டை அவர் பக்கமே தள்ளிக்கொண்டு வந்தது.

அப்பா கையை எடுத்தார்.

"தம்பி வண்டியோட பழைய கிராங்கையே போடு," என்றார். "அளவ நீ பாரு. நான் காது வச்சுக் கேக்கல."

தம்பி ஐந்தாவதாக வந்தான். வண்டியிலிருந்து இறங்கியதும் மைதானமே கேட்க என்னைத் திட்டினான். திட்டட்டும். இரண்டு காலில் நின்றுகொண்டு திட்டினான்.

அண்ணனின் கிராங்க் அலமாரியில் இருக்கிறது. அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் படுக்கவைத்துவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுகிறேன். காலையில் திறந்தால் நிமிர்ந்து நிற்கிறது. அப்பா தினமும் அதன் பக்கத்தில் ஒரு துண்டுக் களிமண்ணைத் தட்டி வைக்கிறார். எதற்கென்று நான் கேட்பதில்லை. சாயங்காலம் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வழவழவென்றிருக்கிறது. இதுவரை ஒன்றும் பதியவில்லை.