விலை படிந்த கை

துண்டுக்குள் கை வேர்த்திருந்தது, நான்கு விரலைப் பிடித்த பிடி வழுக்கி மூன்றில் நின்றது, ராக்கியப்பன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் காளையின் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தார், மாட்டுச் சந்தையில் விலையை வாய் பேசாது, கைக்கு மேல் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துத்தான் பேரம், ஒரு விரல் பத்தாயிரம், சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் அந்த இருட்டுக்குள் ராக்கியப்பனுக்கு விலை மட்டுமா தெரியும், வேர்த்தால் ஆளுக்கு அவசரம், நடுங்கினால் வீட்டில் கல்யாணமோ காரியமோ, சில்லிட்டால் மனசு இறங்கிவிட்டது, வாய் ஆயிரம் புளுகட்டும் உள்ளங்கைக்குப் புளுகத் தெரியாது என்று டீக்கடையில் அளப்பார், சந்தையே நம்பியது, அவரும் நம்பினார், அன்றைக்குக் காளையை விற்க எதிரே நின்றது நாச்சிமுத்து, பழைய சிநேகிதன், அவன் கை வேர்க்கிறது, நடுங்குகிறது, சில்லென்று ஆகிறது, மூன்றும் ஒரே கையில் அமைவது லாட்டரி அடித்த மாதிரி, மகளுக்கு வரன் முடிவாகியிருக்கும், விடாதே என்று உள்ளுக்குள் குஷி, இன்னொரு விரலை மடக்கினார், மறுப்பில்லை, என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தவனாட்ட வாயே தொறக்க மாட்டீங்கற என்று கேலிகூடப் பேசினார், பதிலுக்கு அந்தக் கை மிச்சமிருந்த இரண்டு விரலையும் இறுக்கிப் பிடித்தது, அப்படியொரு பிடி, முடிஞ்சுதுங்கோவ் என்று சிரித்தபடி துண்டை உருவினார், நாச்சிமுத்து துண்டோடு சேர்ந்து அவர் மேலேயே சாய்ந்தான், காளை ஒதுங்கி நின்றது, பிடித்த விரலை மட்டும் அவன் விடவில்லை, ஆஸ்பத்திரியில்தான் பிரித்தெடுத்தார்கள், வரும்போதே உயிரில்லை, மாரடைப்பு என்றார் டாக்டர், அந்த டாக்டர் இன்னும் ராக்கியப்பன் கனவில் வருகிறார், மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், வேர்த்துச்சா, வேர்த்துச்சுங்க, நடுங்குச்சா, நடுங்குச்சுங்க, சில்லுன்னு இருந்துச்சா, இருந்துச்சுங்க, அப்புறம் என்னன்னுதான் நெனச்சீங்க, வெல படிஞ்சுதுன்னு நெனச்சனுங்க.

அதற்குப் பிறகு ஈரக் கை பட்டால் போதும், துண்டை உதறி எறிந்துவிட்டு நெஞ்சு வலிக்குதா என்று கேட்கிறார், முதல் தடவை கேட்டபோது அந்த ஆளுக்கு வெறும் புழுக்கம், சந்தையே சிரித்தது, ஆனால் வியாபாரி வெறுமனே சிரித்துவிட்டுப் போகிற ஜாதியா, அதிலும் லாபத்தைக் கண்டுபிடித்தான், ராக்கியப்பனிடம் விற்க வருகிறவனெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டு வர ஆரம்பித்தான், நனைந்த கைக்கு அவர் விலை குறைப்பதில்லை, வாங்குகிற மாட்டிலெல்லாம் நஷ்டம், கட்டுத்தரையில் பாதி காலி, சோறு போடும்போது மனைவி பாவாயி கேட்டாள், ஏனுங், தொட்டித் தண்ணில நனச்சுட்டு வாராங்கன்னு ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா, தெரியும் புள்ள, தெரிஞ்சுமா ஏமாறறீங்க, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், அன்னிக்கும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே என்கிறார், அவள் மறுசோறு போட மறந்து நிற்கிறாள், இதோ இன்றைக்குச் சந்தையில் துண்டுக்குள் துரைசாமியின் கை, நனைந்திருக்கிறது, தொட்டிப் பாசியின் வாடைகூட அடிக்கிறது, விரலிடுக்கில் ஒட்டிய வைக்கோல் துணுக்குத் தட்டுப்படுகிறது, எல்லாம் தெரிகிறது, இளந்தாரி, கல் மாதிரி இருக்கிறான், நான்கு விரலைப் பிடிக்கிறான், மாட்டுக்கு மூன்றே அதிகம், ராக்கியப்பனின் கட்டைவிரல் பேரத்தை விட்டுவிட்டு வழுக்கி அவன் மணிக்கட்டுக்குப் போகிறது, தேடுகிறது, மாமோவ், வெல சொல்லுங்கன்னா நாடி பாக்கறீங்க, துடிக்கிறது, ராக்கியப்பன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் செய்யாத காரியமாக, சந்தை முழுக்கக் கேட்க வாய்விட்டே சொல்கிறார், நாப்பதாயிரம், கையை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.