திரைச்சீலைத் தொப்பி

“அக்கா, அண்டா எங்க இருக்கு?”

மாடிவீட்டு ரேடியோ இப்படிக் கேட்டதும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

“அண்டா எதுக்கு? இருக்கிற பாத்திரத்துல போடு.”

“நல்லாச் சொன்னீங்க. நாப்பது பேருக்கு டீ, பால் காய்ச்சுற கிண்ணத்துலயா? நீங்க உக்காருங்க, நான் தேடிக்கிறேன்.”

தேடுவது ரேடியோவுக்குக் கைவந்த கலை. அந்தப் பெயரைத் தெரு சும்மா வைக்கவில்லை. காலையில் ஒரு வீட்டில் பால் பொங்கி வழிந்தால், மத்தியானத்துக்குள் செய்தி பேருந்து நிறுத்தம்வரை போயிருக்கும். போகிற வழியில் பால், மாமியார் மருமகள் சண்டையாகத் திரிந்தும் இருக்கும். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கூடத்தில், குளிர்பெட்டிக்குள், தையல்காரம்மாவின் புருஷன் படுத்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கியவர், ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். தூண்டில் போட்டு பாஸ் மீன் பிடிக்கிற பைத்தியம். அதுவும் கோடையில், நாய்கூட நிழலை விட்டு நகராத உச்சிவேளையில். “வெயில் ஏற ஏற அது படகு கட்டுற துறைப்பலகைக்கு அடியில போய்ச் சோம்பேறியாப் படுத்துக்கும். சோம்பேறிக்கு வாய்க்கு நேரா கொண்டுபோய்க் கொடுத்தா வேணாம்னா சொல்லும்?” என்பார். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டு வந்தாரா என்றால் அதுவும் இல்லை. முழம்போட்டு அளந்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவார். இதற்கா இந்த வெயில் என்று தெரு சிரித்தது.

போன மாதம் டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் தலை காட்டக்கூடாது என்றார். சரி சரி என்று தலையாட்டிய மனுஷன், மறுநாளே அதே தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தத் தொப்பி தையல்காரம்மா தைத்தது. ஜன்னல் திரைச்சீலையில் மிஞ்சிய பச்சைப்பூத் துணி, அகலமான விளிம்பு, கழுத்தை மூட ஒரு மடிப்பு. “ஜன்னலைத் தலையில மாட்டிக்கிட்டுப் போறாரு பாரு” என்று ரேடியோதான் முதலில் சொன்னாள். அவருக்கு அதில் கோபமே வந்ததில்லை. அது இல்லாமல் வாசல் தாண்டியதும் இல்லை.

ஆகவே நேற்றுக் காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், தையல்காரம்மா தொப்பியை எடுத்து மேல் பரணில் இருந்த அண்டாவுக்குள் போட்டு மூடினாள். தொப்பி இல்லையென்றால் ஏரி இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். கடைசியில் தையல் மிஷின் பக்கம் வந்து நின்றார்.

“துணி ஏதாச்சும் துவைக்கப் போட்டியா?”

“இல்லையே. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெறுங்கை. தூண்டில் மூலையிலேயே சாய்ந்திருந்தது. கடைக்குத்தான் போகிறார், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். தெருமுனையில் அவர் நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஒரு சட்டைக்குக் காலர் பாக்கி இருந்தது. அதைப் பிடித்துத் தைத்தாள்.

மூன்று மணிக்கு ஏரியிலிருந்து படகுக்காரர் போன் செய்தார்.

“தூண்டில்கூட எடுக்காம ஏரிக்கு எதுக்குடா தம்பி போனே?” இப்போது நாத்தனார் குளிர்பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டாள். பெட்டி பதில் சொல்லாததால் தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். “தொப்பி போடாம ஒரு மனுஷன் படியிறங்குறான். வீட்டுல இருக்கிறவ பாத்துட்டு சும்மாவா இருப்பே?”

“தொப்பியத் தேடித்தான்மா வந்தாரு,” என்றார் வாசலில் நின்றிருந்த படகுக்காரர். “‘முந்தாநாள் இங்க விட்டுட்டேனா பாரு. அவ கையால தைச்சது, தொலைச்சுட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்’னாரு. நான் ஆளுங்கள ஏத்திக்கிட்டு இருந்தேன், அக்கா. கரை முழுக்க நாணல விலக்கி விலக்கிப் பாத்திருக்காரு. நான் திரும்பி வர்றப்போ தரையில உக்காந்திருந்தாரு. துறைப்பலகை நிழலுக்குப் பத்தடிகூட இல்ல.”

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சமையலறையில் மூடி ஒன்று ‘டணார்’ என்று விழுந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. ரேடியோ இருக்கும் இடத்தில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததை அந்த வீடு கண்டதில்லை.

மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். “அம்மா, அப்பா தொப்பி எங்கயுமே இல்ல. அவர்கூட வெச்சு அனுப்பலாம்னு பாத்தேன். அலமாரி, பீரோ எல்லாம் பாத்தாச்சு. சமையலறைல பாக்கட்டா?”

அந்த நேரம் பார்த்து ரேடியோ சமையலறை வாசலில் வந்து நின்றாள். கை வெறுங்கை. தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா தரையைப் பார்த்தாள்.

“சமையலறைல ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் ரேடியோ. “அண்டாவும் ஓட்டை. டீ நிக்காது. எங்க வீட்டுலேருந்து எடுத்துட்டு வர்றேன்.”

“அண்டா எப்படிடி ஓட்டையாகும்?” என்றாள் நாத்தனார். “போன மாசம் நானே அதுல வெந்நீர் வெச்சேனே!”

“ஓட்டைன்னா ஓட்டைதான் பெரியம்மா,” என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

உச்சிவேளையில் வண்டி வந்தது. எல்லோரும் எழுந்தபோது தையல்காரம்மா மட்டும் சமையலறைக்குள் போனாள். ஸ்டூல் இன்னும் பரணுக்குக் கீழேயே இருந்தது. ஏறி நின்று மூடிமேல் கையை வைத்தாள். எடுத்துக்கொண்டு போனால் மகள் கேட்பாள். எங்கே இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“அம்மா, எடுக்கப் போறாங்க, வா!”

கையை எடுத்துவிட்டு இறங்கினாள்.

வாசலிலிருந்து வண்டிவரை யாரோ குடை பிடித்தார்கள். குடைக்காரர் ஓரடி பின்தங்கி நடந்ததால், நெற்றியிலும் வழுக்கையிலும் வெயில் விழுந்துகொண்டே போனது.

சாயங்காலம் ரேடியோ மட்டும் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் எச்சில் டம்ளர்களைக் கழுவினார்கள். குழாய்த் தண்ணீர்கூடச் சூடாகத்தான் வந்தது. ரேடியோ, யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எத்தனை டீ குடித்தார்கள் என்று எதையுமே சொல்லவில்லை.

“நான் வந்து…” என்று தையல்காரம்மா ஆரம்பித்தாள்.

“இதெல்லாம் எங்க கவுக்குறது அக்கா?”

தையல்காரம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலில் ஏறி அண்டாவை மூடியோடு இரண்டு கையாலும் இறக்கி, ஜன்னலோரம் தரையில் வைத்தாள். மேலே பச்சைப்பூத் திரைச்சீலை அசையாமல் தொங்கியது.

ரேடியோ ஒவ்வொரு டம்ளராக உதறிக் கொடுத்தாள். தையல்காரம்மா வாங்கி, மூடியின்மேல் சத்தம் வராமல் கவிழ்த்துக்கொண்டே வந்தாள்.