ஆறுக்கு அம்மா வைத்த பேர்

வுத்தியின் கடைக்கு முன்னால் மொபெட்டை நிறுத்திய டீச்சர் கன்னிதா, தாமரைக்காய் வாங்க வரவில்லை என்பது அவனுக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, உங்க டேவி வாயே தொறக்க மாட்டேங்குறா."

"வீட்ல வாய் ஓயாதே டீச்சர்!"

"எண்ணச் சொன்னா மட்டும் அப்படி. முதல் நாள் கடகடன்னு பத்து வரைக்கும் எண்ணினா. அத்தனையும் சியாம் பாஷையில. பசங்க 'சியாம்காரி, சியாம்காரி'ன்னு கத்திட்டாங்க. அதட்டித்தான் வெச்சேன். ஆனா அன்னைக்கு மூடின வாய்."

வுத்திக்குச் சுருக்கென்றது. டேவி பிறந்தது எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் ரயோங்கில், மீன் தொழிற்சாலைக் கூலிகளின் தகரக் கொட்டகையில். அவள் அம்மா சொக்னி கணவாய் மீன்களைத் தரம்பிரித்துக் கூடையில் போடும்போது மேஸ்திரிக்குக் கேட்கும்படி சியாம் பாஷையில் உரக்க எண்ணியாக வேண்டும். பக்கத்தில் படுத்துக் கிடந்த குழந்தை அதைக் கேட்டே பேசப் பழகியது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததும் வுத்தி மகளோடு கம்போடியாவில் பத்தம்பாங் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டான். சம்பாதித்து அனுப்ப சொக்னி அங்கேயே தங்கினாள். ஒன்றரை வருடம் ஆகிறது.

அன்று சாயங்காலம் ஒரு தாமரைக்காயைப் பிய்த்துப் பச்சை விதைகளைப் பாயில் வரிசையாக வைத்தான்.

"நம்ம எண்ணிக்கை ரொம்பச் சுலபம் குட்டி. ஒரு கை முடிஞ்சா அஞ்சு. அப்புறம் அஞ்சு-ஒண்ணு, அஞ்சு-ரெண்டு. புதுப் பேரே தேவையில்ல."

டேவி ஆறாவது விதையை முறைத்துப் பார்த்தாள். "இது ஹோக்."

"அது அங்க. இங்க அஞ்சு-ஒண்ணு."

"ஹோக்! அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

"அம்மாவும் இந்த ஊருதான்டி."

"நான் வேற மாதிரி எண்ணினா அம்மாவுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டவள், அந்த விதையை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

ஞாயிறு மத்தியானம் சொக்னி வீடியோவில் வந்தாள். விஷயம் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "இதுக்கா இத்தனை பிடிவாதம்? இரு, அம்மா எண்ணிக் காட்டுறேன்." விரல்களை நீட்டித் தங்கள் கெமர் மொழியில் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து சரியாக வந்தன. அடுத்தது "ஹோக்" என்று விழுந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். மறுபடியும் அதேதான்.

"ஏங்க, பாருங்களேன்... எனக்கே வரல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த டேவி மெல்ல வந்து அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, அழாத. அந்தக் கையையும் காட்டு. இது அஞ்சா? இது ஒண்ணா? சேர்த்துச் சொல்லு. அஞ்சு-ஒண்ணு. எங்க, சொல்லு!"

"அஞ்சு-ஒண்ணு" என்றாள் சொக்னி.

"ம், பரவாயில்ல. இன்னொரு வாட்டி."

திங்கட்கிழமை வகுப்பில் டேவி பத்து வரை எண்ணினாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். வுத்திக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரையில் கண்ட மனைவியின் முகம் அவனை விடவில்லை. இத்தனை நாளில் 'வா' என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு அவனே அழைத்தான்.

"என்னங்க, கால் வலிக்குதா?"

"கால் கெடக்கட்டும். நீ ஒரு தடவை வந்துட்டுப் போ."

அந்தப் பக்கம் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. "புத்தாண்டுக்கு வர்றேன்" என்றாள் சொக்னி.

சொன்னபடி ஏப்ரலில் வந்தாள். முதல் இரண்டு நாள் டேவி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை எட்டி நின்றே பார்த்தாள். மூன்றாம் நாள் காலை மடியில் போய்ப் படுத்தவள், பிறகு குளிக்கப் போகும்போதுகூட அம்மாவை விடவில்லை. பத்தாம் நாள் எல்லைக்குப் போகும் வேன் வந்தது; சொக்னி ஏறி உட்கார்ந்தாள். போகாதே என்று சொல்ல வுத்தியின் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

வேன் திருப்பத்தில் மறைந்தபின்னும் அவன் மகளைத் தோளில் சுமந்தபடி சாலையிலேயே நின்றான். பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.