ஆர்விட்டின் வெந்நீர்

அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் அன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி ஃபாரன்ஹீட். கொல்லைப்புறத்தில், கரி போட்டு இறைச்சி வாட்டும் என் பீங்கான் அடுப்பின் கனத்த மூடி திறப்பேனா என்றது. போன ஞாயிறு கழுவித் தருகிறேன் பேர்வழி என்று, கணவரின் தம்பி ஆர்விட் அதை ஈரத்தோடு மூடிவிட்டுப் போயிருந்தான். விளிம்பிலிருந்த கம்பளிப் பட்டை உறைந்து கவ்விக்கொண்டது.

ஆர்விட் கண்ணாடிக் கதவை ஒரு விரற்கடை திறந்தான்.

"அண்ணி, இந்தக் குளிர்ல எவனாவது வெளியில சமைப்பானா? பேசாம விலாக்கறிய ஓவன்ல வைங்க."

"வைக்க மாட்டேன்."

உடனே கொதிக்கும் கெட்டிலோடு ஓடி வந்தான்.

"இத ஊத்தினா நிமிஷத்துல திறந்துக்கும்."

நான் குறுக்கே நின்றேன்.

"ஒரு சொட்டு பட்டாலும் பீங்கான் விரிசல் விட்டுடும். அப்புறம் மிச்சத்த உன் தலையில கவுத்துடுவேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் உள்ளே போனான். நான் தலைமுடி உலர்த்தும் டிரையரை நீள வயரில் இழுத்து வந்து விளிம்பைச் சுற்றிச் சூடு காட்டினேன். என் இமைகளில் பனி பிடித்தது. அவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். அரைமணி கழித்து 'பட்'டென்று மூடி விட்டுக்கொடுத்தது. கரியை மூட்டினேன்.

மூன்று மணிக்கு அடுப்புக்குள் இருநூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட். வெப்பமானியின் முள் அதைவிட்டு அசையவே இல்லை. மணம் கதவிடுக்கில் புகுந்தது. பின்னாலேயே ஒரு தட்டு நீண்டது.

"அண்ணி, ரெண்டே துண்டு."

"பூட்ஸ மாட்டிக்கிட்டு வெளியில வா. இன்னிக்கு சாப்பாடு இங்கதான். வரும்போது உன் வெந்நீரையும் கொண்டா, காபிக்கு ஆகும்."