செம்மநத்தத்துக்காக நான் கேட்ட வளைவு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது; ஒரு கடிதத்தில் ஒரு வரியை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். 1985 அக்டோபரில். அப்போது கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். என் பெயர் ஏசுராஜ். காலையில் ஆட்களின் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவது என் உத்தியோகம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் பெருமை.

கதையை முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

பனி இறங்கிய சேர்வராயன் மலைச்சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று

[நிறுத்திவிட்டேன். நன்றாக எழுத வரும்போதெல்லாம் நான் எதையோ மறைக்கிறேன். இதை இந்தக் கதைதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. இனியும் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.]

2

எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊரான செம்மநத்தத்திலிருந்து முன்னொரு காலத்தில் பதினோரு குடும்பங்கள் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போயின. அவர்களின் பிள்ளைகள் ஈப்போவில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ‘எங்கள் பெற்றோர் பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறோம். என்ன வேண்டுமென்று எழுதுங்கள்.’

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. கடிதத்தை நான் படித்தேன். ஊர்ப் பெரியதனக்காரர் அம்மாசி முதலில் பேசினார்.

“கோயிலுக்குப் போற வழியில ஒரு வளைவு கட்டிக் குடுக்கச் சொல்லுங்க. ஊருக்கும் மருவாதி. அவிங்க பேரும் நிக்கும்.”

பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாயி எழுந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஊரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு முத்தாயியின் மகள் அத்தாயிக்கு வலி வந்து இரண்டு நாள் கழித்து, தூளி கட்டி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் இறந்துபோனாள். குழந்தையும்.

“பிரசவம் பாக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணுமின்னு எழுதுங்க, ரைட்டரய்யா.”

யாரோ சிரித்தார்கள். “ஆளைப் பார்சல்ல அனுப்புவாங்களாக்கும்.”

நானும் சிரித்தேன்.

வளைவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். முன்னோர் நடந்த மண், தலைமுறைகளை இணைக்கும் வாயில், இப்படியெல்லாம். முத்தாயி சொன்னதை எழுதவில்லை.

(ஏன் என்பதற்கு இதுவரை மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். அம்மாசிக்குப் பயம் என்பது ஒன்று. அது பொய், அவர் யாரையும் மிரட்டுகிறவர் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் பெயர் பொறித்த கல்தான் பிடிக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டது இன்னொன்று. அது பாதி உண்மை. மூன்றாவது, அந்தப் பக்கம் அத்தனை அழகாக அமைந்துவிட்டது; நடுவில் ஒரு சாவைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆகவே இதுதான் சரியான பதிலாக இருக்க வேண்டும்.)

3

1987 ஜனவரியில் சங்கத்தின் சார்பில் ஓர் அம்மாள் வந்தார். பெயர் தனலட்சுமி. செம்மநத்தத்திலிருந்து போன ஒருவரின் மகள், பிறந்ததே மலேயாவில்தான். சுருட்டிய காகிதத்தில் வளைவின் படம் கொண்டுவந்திருந்தார். தூண்களில் பதினோரு குடும்பத்தின் பெயர்கள்.

எங்கோ பிறந்தவர் எங்களைவிடப் பழைய பேச்சைப் பேசினார். “நொம்ப தூரமுங்க எங்க ஊடு” என்று அவர் சொன்னதும் பெண்கள் சிரித்து, அவரைத் தங்கள் நடுவில் உட்கார வைத்தார்கள்.

முத்தாயி கேட்டாள். “ஏனுங்க, அங்க என்ன வேலை பாத்தீங்க?”

“தோட்டத்து ஆஸ்பத்திரியில நர்ஸு. பிரசவ வார்டு. முப்பது வருசம் பாத்து, இப்பத்தான் ரிட்டயர் ஆனேன்.”

[இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரும். வேண்டுமென்றே கோத்த கதை என்பீர்கள். முந்தைய பிரதியில் நானே அவரைப் பள்ளி ஆசிரியையாக மாற்றிப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது, நடந்ததாக இல்லை. பழையபடி நர்ஸாகவே விட்டுவிட்டேன்.]

முத்தாயி முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா, நாஞ் சொன்னத எழுதுனதுக்கு ஆளே வந்திருச்சு.”

தனலட்சுமி அம்மாள் விளங்காமல் கைப்பையைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார்.

“இதுலீங்களா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

அவர் படித்தார். என் அலங்காரமெல்லாம் அந்த வெயிலில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. படித்து முடித்த பிறகும் முத்தாயி காத்திருந்தாள்.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க.”

“அதுல என்ற புள்ள இல்லீங்களா?”

தனலட்சுமி அம்மாள் என்னைப் பார்த்தார். முத்தாயி பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் போன வழியில் காப்பிப் பூக்கள்

[வேண்டாம்.]

4

மறுநாள் தனலட்சுமி அம்மாள் தானாகவே முத்தாயி வீட்டைத் தேடிப் போனார். அத்தாயிக்கு நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு ஊரில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் யார் யார் என்று விசாரித்தார். மூன்று பேர். அதில் ஒருத்தி ராசாத்தி, அம்மாசியின் மருமகள். ஒன்பதாவது மாதம்.

ராசாத்தியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

“குழந்தை குறுக்க கெடக்குது. இப்பவே கீழ கூட்டிட்டுப் போகணும்.”

அம்மாசி நம்பவில்லை. “வலியே வரலீங்களே. கைய வச்சே எப்படீங்க சொல்றீங்க?”

“வலி வந்தப்பறம் போனாத்தானுங்க தூளி. வலிக்கு முன்னாடி போனா, புள்ள நடந்தே போகும்.”

வாசலில் நின்றிருந்த முத்தாயி அப்போதுதான் வாய் திறந்தாள். “எங்கூட்டுப் புள்ளைக்கு இதச் சொல்ல ஆளில்லீங்க. உங்கூட்டுப் புள்ளைக்கு வந்திருக்குது.”

அம்மாசி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அன்று மத்தியானமே ராசாத்தி மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடம்வரை நடந்தாள். முன்னால் அவள் புருஷன், பின்னால் இரண்டு பெண்கள். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இருவரும் நன்றாக இருந்தார்கள்.

மூன்று மாத விசா முடிவதற்குள் தனலட்சுமி அம்மாள் முத்தாயியையும் இன்னொரு பெண்ணையும் வயிற்றைக் கையால் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழக்கினார். எது தலை, எது முதுகு, எந்த வீக்கம் ஆகாது, எப்போது காத்திருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

புறப்படும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். “எங்களுக்குப் பெருமையா இருக்கறத நீங்க எழுதிட்டீங்க. நாங்களும் அதையே நம்பிக்கிட்டோம். ரெண்டு பேரு மேலயும் தப்புங்க.”

5

வளைவு வரவில்லை. ஈப்போ சங்கம் அதைப் பற்றி இரண்டு கூட்டங்களில் சண்டை போட்டதாகக் கடிதம் வந்தது. கல்லில் பேர் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று பேர் விலகினார்கள். அடுத்த மூன்று வருடமும் வளைவுக்கு வைத்திருந்த பணத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து தங்கினார். பிறகு வருகிறவர்களுக்கு வயதாகி, அது நின்றுபோனது. அதற்குள் இங்கே நான்கு பெண்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரிந்த அம்மாசி மட்டும், வளைவும் வந்திருக்கலாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

6

முடிவு.

முதல் பிரதியில் முத்தாயி என்னை மன்னிக்கிறாள். உருக்கமான பக்கம் அது. கிழித்துவிட்டேன். இரண்டாவதில் என்னைப் பார்த்ததும் காறித் துப்புகிறாள். அதுவும் நடக்கவில்லை, என்னை நானே தண்டித்துக்கொண்டு சீக்கிரம் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அதன் பிறகும் அவள் என்னிடம் கடிதம் எழுதி வாங்க வந்தாள். வரும்போதெல்லாம் படிக்கத் தெரிந்த வேறொருவரைக் கூட்டிவந்தாள். நான் எழுதியதை அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்டச் சொல்வாள்.

போன வருடம், 1996இல், வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நிறைமாதக்காரி ஒருத்தியைக் கீழே கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. அந்தப் பெண்ணை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையிலிருந்த துணிப்பையை என் பக்கம் நீட்டினாள்.

“இதப் புடிங்க.”

பிடித்தேன். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தேன். அந்த வரியை நான் எழுதுவதாக இல்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் முத்தாயிக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.