நாக்கில் வராத பெயர்

தமிழ்மதி இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தபோது, நாகஜோதி ஒரு பனியனின் கழுத்துத் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி பூபாலனின் மனைவி செக்கிங் பக்கம் வருவதே அபூர்வம். அதுவும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு.

“பாப்பாவுக்குப் பேரு முடிவு பண்ணீட்டமுங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். “ஞாழல்.”

சுற்றியிருந்த பெண்கள் நாகஜோதியைப் பார்த்தார்கள். அவள் கை அப்படியே நின்றது. அடுத்த அறையில், கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில், அதே பெயரோடு அவளுடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

கம்பெனி இருந்த நெருப்பெரிச்சல் ஊரில் அந்தப் பெயரை வேறு யாருக்கும் வைத்ததில்லை. சாத்தான்குளத்தில் படிக்கும்போது தமிழ் டீச்சர் பாடத்தில் சொன்ன பூ அது. கடற்கரையில் பூக்கும் மரமாம், நாகஜோதி பார்த்ததில்லை. பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் நாக்கில் ழகரம் வராது. வாழைப்பழம் அவளுக்கு வாளப்பளம்தான். மகள் ‘ஞாளல்’ ஆனாள். மாதக்கணக்கில் காப்பகத்துச் சுவர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. கர்ப்பமாக இருந்த தமிழ்மதி ஒருமுறை அர்த்தம் கேட்டபோது, நாகஜோதி பெருமையோடு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“ஒரே கம்பெனியில ரெண்டு ஞாழல் இருந்தா நல்லாவா இருக்கும் கண்ணு?” தமிழ்மதியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீ இன்னும் பேரு பதியலையாமா. வேற வெச்சுக்க. உனக்கே அது வாயில வர மாட்டீங்குதே. எங்க, ஒருக்கா சொல்லு?”

நாகஜோதி வாயைத் திறக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். தமிழ்மதி சொல்லும்போது அந்தப் பெயர் டீச்சர் சொன்னது போலவே அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அங்கேயே டைலராக இருந்த அவள் கணவன் இசக்கிமுத்துவுக்கு வீடு போவதற்குள் சேதி தெரிந்திருந்தது.

“ஆஷான்னு வச்சிருவோம். நல்ல பேருதான?” என்றான் சட்டையைக் கழற்றியபடி.

“கேக்காமலே எடுத்துக்கிட்டாவ.”

“பேருக்குப் பட்டாவா வச்சிருக்க? இருக்க வீடு அவுக குடுத்தது. ரெண்டு பேரு வேலையும் அவுக குடுத்தது. திங்கக்கெழம போயி பதிஞ்சிருதேன்.”

அவன் தரையில் உட்கார்ந்து, “ஆஷா, ஏ ஆஷாக்குட்டி” என்று கூப்பிட்டான். குழந்தை டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். திரும்பவில்லை. அவன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். அவன் முதுகைப் பார்த்தபோது, சண்டை போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே காப்பகத்து ஆயா மருதாளுக்கு உத்தரவு வந்துவிட்டது. தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, “ஆஷா, சாப்புடு கண்ணு” என்ற குரல் வரும்போதெல்லாம் நாகஜோதியின் கண்ணுக்குப் பனியனில் இருந்த ஓட்டை தெரியாமல் போனது.

சனிக்கிழமை தமிழ்மதி தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பகத்துக்கு வந்தாள். அவளுக்காகத் திறந்த கதவை யாரும் சாத்தவில்லை. நாகஜோதி நிமிர்ந்தபோது, மகள் பாதையின் நடுவே தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள். எதிரே துணிக்கட்டுகளை ஆள் உயரத்துக்கு ஏற்றிய தள்ளுவண்டி. தள்ளுகிறவனுக்கு முன்னால் எதுவும் தெரியாது.

“ஆஷா! ஆஷா கண்ணு, போகாத!” மருதாள் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். குழந்தை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல வண்டியைப் பார்த்துப் போனது.

“ஞாளல்!”

குழந்தை சட்டென்று நின்று திரும்பியது. அம்மாவைத் தேடி நாகஜோதியின் பக்கமாக நகர்ந்தது. அது இருந்த இடத்தின் மேல் வண்டிச் சக்கரம் ஏறிப் போய், மருதாளின் கூச்சலுக்கு நின்றது.

ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது. இசக்கிமுத்து தன் மெஷினை விட்டு எழுந்திருந்தான். கதவருகே தமிழ்மதி தன் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

நாகஜோதி அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“ஞாளல். இங்க வாட்டி.”

முழங்காலில் பஞ்சும் நூலும் ஒட்டிக்கொள்ள, எல்லோருடைய கண்களுக்கும் நடுவே, குழந்தை சிரித்துக்கொண்டு தவழ்ந்து வந்தது.