பம்பருக்குக் கீழே இறங்கிய குழாய்

கடைக்காரர் அமிர்தலிங்கம் ஒரு முறைகூட வள்ளிநாயகியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கார் அவளுடையது. செனவாங் தொழிற்சாலையில் இரவும் பகலுமாக ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசில் வாங்கி, கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலுக்கு அவள் ஓட்டி வந்த பழைய சிவப்பு டொயோட்டா செலிக்கா. ஆனால் மலேசியாவின் சிரம்பான் நகரத்தில் இருந்த அந்தக் கார் சாமான் கடையில் கேள்வி கேட்டது அவள். பதில் போனது அவளுடைய அண்ணன் நல்லசாமிக்கு.

காரின் ஏர் ஃபில்டர் பெட்டி விரிசல் விட்டு, செம்மண் தூசியை என்ஜினுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும் கோல்டு ஏர் இன்டேக்காகவே போட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மத்தியான வெயிலில் மேடு ஏறும்போது கார் திணறுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மேசைமேல் இரண்டு வகை இருந்தன. ஒன்று பளபளவென்ற நீளக் குழாய். பம்பருக்குப் பின்னால் கீழே இறங்கும், ஃபில்டர் அதன் நுனியில் இருக்கும். மற்றது குட்டைக் குழாய். ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் மேலேயே இருக்கும், முன்விளக்கு ஓரத்திலிருந்து காற்று வரும்.

“இதப் போடுங்க சார்,” என்று நீளக் குழாயைத் தட்டினார் அமிர்தலிங்கம். “ரோட்டுக் காத்த நேரா எடுக்கும். சத்தத்துக்கே மத்த காருல்லாம் ஒதுங்கிரும்லா.”

“மழ பேஞ்சா எங்க தோட்டத்துப் பாலத்துல தண்ணி ஏறும் பாஸ். ஃபில்டர் இவ்ளோ கீழ இருந்தா தண்ணியக் குடிச்சிராதா?” என்றாள் வள்ளிநாயகி.

அவர் நல்லசாமியைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சி கப்பலா ஓட்டுறாங்க?”

நல்லசாமியும் சிரித்தான். கடைக்காரர் சிரித்ததைவிட அவன் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“பெட்டி வெச்சதப் போடுங்க. காரு என்னோடது. ஓட்டுறதும் நான்தான்.”

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. காரை விட்டுவிட்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் நல்லசாமி காரைக் கொண்டுவந்தான். உறுமல் லயத்து முனையிலேயே கேட்டது. அவள் பக்கத்து ஊரான ரந்தாவ் வரை ஓட்டிப் பார்த்தாள். மேட்டில் கார் திணறவில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று.

“பெட்டிதான போட்டாங்க?”

“ம்,” என்றபடி அவன் கை கழுவப் போனான். போனட்டைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் இருவரும் ரந்தாவ் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பும்போது பெருமழை பிடித்து ஓய்ந்திருந்தது. பாலத்தின்மேல் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரிலிருந்து தபால்காரர் மோட்டார் சைக்கிளிலேயே கடந்து வந்தார்.

“நில்லு, நில்லு. சுத்திப் போலாம்,” என்றான் நல்லசாமி.

“எதுக்கு? முழங்காலுக்குக்கூட இல்ல. போன மழைக்கும் இதுலதான் போனேன்.”

“வேணாம்லா.”

“ஏன்னு சொல்லு.”

அவன் முகத்தை ரோட்டோரச் செம்பனை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் முதல் கியரில் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினாள். பாதிப் பாலத்தில் உள்ளே ஏதோ முறிந்ததுபோல் சத்தம். கார் குலுங்கி நின்றது. சாவிக்குப் போன அவள் கையை நல்லசாமி பிடித்துக்கொண்டான்.

“ஸ்டார்ட் பண்ணாத! தண்ணி உள்ள போயிருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தண்ணீரில் இறங்கிப் போனட்டைத் தூக்கினாள். பெட்டி இல்லை. பளபளக்கும் குழாய் பேட்டரி ஓரமாக வளைந்து பழுப்புத் தண்ணீருக்குள் போயிருந்தது.

“சத்தம் நல்லா இருக்கும்னுதான்,” என்றான் பின்னால் வந்து நின்ற நல்லசாமி. “சி ரூசா கடற்கரை ரோட்டுல கூட்டாளிங்க முன்னாடி ஒருவாட்டி ஓட்டிக் காட்டலாம்னு...”

“சரி. தண்ணியக் கண்டதும் சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன வெச்சிருந்த?”

“நீ கத்துவேன்னு...”

“இப்பக் கத்தாம இருக்கனா?” அவள் போட்ட சத்தத்தில் லயத்துச் சனம் பாலத்துக்கு வந்துவிட்டது.

என்ஜினைப் பிரித்த மெக்கானிக், தண்ணீர் புகுந்ததில் பிஸ்டன் ராடு வளைந்து என்ஜின் பிளாக்கையே உடைத்துவிட்டது, இனி வேறு என்ஜின்தான் என்றார். வீட்டில் அம்மா தாயம்மா மகன் பக்கம் பேசினாள். “ஆம்பளப் புள்ள, ஆசப்பட்டுட்டான். ஒரு இரும்புக்குப் போயி இந்தப் பேச்சா?”

“அவன் மோட்டார நான் கேக்காம எடுத்து ஓடையில தள்ளுனா, அப்பவும் இரும்புன்னு சொல்லுவியா?” சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏறினாள். கடையின் கண்ணாடி மேசைமேல் அதை ஓங்கி வைத்தாள். அமிர்தலிங்கம் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அங்க யாரும் இல்ல. என்னப் பாருங்க. நான் எதப் போடச் சொன்னேன்?”

“உங்க அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு. ஆம்பள சொல்றப்ப நான் என்ன...”

“காரு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியாது?”

பக்கத்தில் ஒருவர் அதே மாதிரி நீளக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். வள்ளிநாயகி அவர் பக்கம் திரும்பினாள். “உங்க பக்கம் ரோட்டுல தண்ணி நிக்குமா சார்? நின்னா இதப் போடாதீங்க. என் என்ஜினு செத்துருச்சு.” அவர் குழாயை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அமிர்தலிங்கத்தின் முகம் கறுத்தது. அலமாரியிலிருந்து பெட்டி வைத்ததை எடுத்து அவள் முன் தள்ளினார். “கொண்டு போங்க. என்ஜினுக்கு நான் பொறுப்பில்ல.”

“போடுறப்ப மட்டும் உங்களுக்குப் பொறுப்பு இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் அந்தக் கடையிலிருந்து அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கார் மாதக்கணக்கில் கித்தானுக்கு அடியில் கிடந்தது. நல்லசாமியோடு அவள் பேசவில்லை. பழைய என்ஜின் விற்கும் இடமெல்லாம் அலைந்து அவன் ஒன்றைப் பார்த்துவைத்தான். அவள் போய் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தாள். பட்டறையில் ஃபில்டர் பெட்டியைப் பொருத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

முதல் ஓட்டத்துக்கு நல்லசாமி தானாகவே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்தைத் தாண்டி தார் ரோட்டில் கார் ஒரே இழுப்பாக மேடு ஏறியது.

“நல்லாத்தான் இழுக்குது,” என்றான் அவன். “ஆனா அந்த நீளக் குழாய்ல இருந்த சத்தம் இதுல வரலலா.”

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

“இறங்கு.”

“ஏய், வெளாட்டுக்குத்தான்...”

“இத்தன மாசத்துல தப்புன்னு ஒரு வார்த்த உன் வாயில வரல. இறங்கு.”

அவன் இறங்கி, கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். அவள் எட்டி, கதவைத் தன் பக்கம் இழுத்துச் சாத்தினாள். வெயிலில் வீட்டுக்கு அவன் நிறைய தூரம் நடக்கவேண்டும். அது அவளுக்குத் தெரியும். கோபம் கொஞ்சமும் இறங்காமல் கியரை மாற்றி, வந்த திசைக்குத் திரும்பாமல் நேராகப் போனாள்.